டென்மார்க்கும் நம்மூர்க் கல்யாண மண்டபமும்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர் வந்தார். ஏலக்காய் வியாபாரி. அன்றைக்குப் புத்தடியில் ஏலம் முடித்து, போடிமெட்டு இறங்கி நேராக இங்கேதான் வந்திருக்கிறார் போல. சட்டையெல்லாம் ஏலக்காய் வாசனை. காப்பி குடித்து முடிக்கும் வரை விலை ஏறியது, இறங்கியது என்று பேசிக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"சார், எம் பொண்ணுக்கு நீங்கதான் ரெண்டு வார்த்தை சொல்லணும். ப்ளஸ் ஒன் வந்தாச்சு. இன்னும் மட்டையைத் தூக்கிட்டு அலையுது. மாவட்டப் போட்டியில ரெண்டு தடவையும் ஃபைனல்ல தோத்துட்டு வந்துருச்சு. இனி எதுக்கு சார்? நீங்க பேங்க்ல இருந்தவர், நாலும் தெரிஞ்சவர். நீங்க சொன்னா கேட்கும்."

"ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனதும் என் மனைவி, "நீங்க சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் இளமைக் காலத்தில் நம்மூரில் பேட்மிண்டன் என்றால் பூப்பந்துதான். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், மண் தரை, சுண்ணாம்புக் கோடு. இறகுப்பந்தை 'ஷட்டில்' என்போம். அது பணக்கார வீட்டு விளையாட்டு, எஸ்டேட் முதலாளிகள் பங்களாவில் ஆடுவது என்று ஒரு நினைப்பு. காசு மட்டும் காரணமில்லை. நம்மூர்க் காற்றும் ஒரு காரணம். ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று காயப்போட்ட வேட்டியையே பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ப் போடும். ஐந்து கிராம் எடையுள்ள இறகுப்பந்து என்ன ஆகும்? இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் போகாமல் நம் தலைக்குப் பின்னால் வந்து விழும். கம்பளிப் பந்து கொஞ்சம் கனமாக இருப்பதால் தாக்குப்பிடிக்கும்.

அதனால் ஷட்டில் ஆட வேண்டுமென்றால் சுவர் வேண்டும், கூரை வேண்டும். 1980ல் நான் வங்கியில் சேர்ந்து மூன்று வருடம். எங்கள் கூட்டத்தில் ஒருவருடைய பெரியப்பாவுக்கு ஏலக்காய்க் கிட்டங்கி இருந்தது. மாசி, பங்குனிக்கு மேல் சரக்கு குறைந்து கிட்டங்கி காலியாகிவிடும். அப்போது எங்களுக்குச் சாவி கிடைக்கும். இரண்டு குண்டு பல்பு, நடுவில் ஒரு வலை. உத்தரம் தாழ்வு என்பதால் பந்தை உயரத் தூக்கி அடிக்க முடியாது. மூச்சு விட்டால் ஏலக்காய் மணக்கும். அப்படித்தான் நான் ஷட்டில் கற்றுக்கொண்டேன், கற்றுக்கொண்டது என்று சொல்ல முடியுமானால்.

அந்தப் பங்குனியில்தான் செய்தி வந்தது. லண்டன் வெம்பிளியில் ஆல் இங்கிலாந்து இறுதிப் போட்டியில் பிரகாஷ் படுகோன் ஜெயித்துவிட்டார். தேதி 1980 மார்ச் 23. எதிரி, அதற்கு முந்தைய இரண்டு வருடமும் பட்டம் வென்றிருந்த இந்தோனேஷியாவின் லியம் ஸ்வீ கிங். 15-3, 15-10. மறுநாள் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்த பேப்பரை எங்கள் கிட்டங்கிச் சுவரில் பசை போட்டு ஒட்டினோம். என்னைவிட ஒரு வயது இளையவர் பிரகாஷ். தம்பி ஜெயித்த மாதிரி இருந்தது.

அவர் வளர்ந்த கதையைப் பிறகு படித்தபோது இன்னும் நெருக்கமாகிவிட்டார். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அவர்கள் வீட்டருகே கனரா யூனியன் என்று ஒரு கூடம். கல்யாண மண்டபம்தான். அதுதான் அவர் ஆட்டம் பழகிய இடம். அங்கே விசேஷம் இருந்தால் ஆட்டம் கிடையாது, இல்லாவிட்டால் உண்டு. முதல் போட்டியில், ஏழு வயதில், முதல் சுற்றிலேயே தோற்றார். அப்படி ஆரம்பித்தவர் 1971 முதல் 1979 வரை தொடர்ந்து ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1978ல் எட்மன்டனில் காமன்வெல்த் தங்கம். 1980ல் டேனிஷ் ஓபன், ஸ்வீடிஷ் ஓபன், ஆல் இங்கிலாந்து மூன்றும் ஒரே வருடத்தில்.

சரி, பட்டம் வாங்கியாயிற்று. அடுத்து அவர் என்ன செய்தார்? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. அவர் டென்மார்க் போனார். கோபன்ஹேகனில் குடியேறி, அங்குள்ள கிளப்புக்கு ஆடி, அங்கேயே பயிற்சி எடுத்தார். இன்று சினிமாவில் பெயர் வாங்கியிருக்கிற அவர் மகள் தீபிகா 1986ல் பிறந்ததே கோபன்ஹேகனில்தான்.

தரங்கம்பாடிக்குப் போனவர்களுக்கு டேனிஷ்காரர்களைத் தெரிந்திருக்கும். 1620ல் வந்து கோட்டை கட்டி, 1845ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனவர்கள். சின்ன நாடு. இன்றைக்கும் மொத்த ஜனத்தொகை சுமார் 60 லட்சம்தான். நம் தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படியே ஏழு கோடிக்கு மேல். இந்தியாவின் முதல் ஆட்டக்காரர், உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர், பயிற்சிக்காக அந்தச் சின்ன நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் தரத்துக்குத் தினமும் எதிரே நின்று ஆட அங்கே ஆள் இருந்தது, இங்கே இல்லை. தேசிய சாம்பியன் பட்டத்தை ஒன்பது வருடம் ஒரே ஆள் வைத்திருந்தால் அந்த ஆளுக்குப் பெருமை. நாட்டுக்கு அது அவ்வளவு பெருமை இல்லை என்பது என் கருத்து.

டென்மார்க்கில் அப்போது கொடி கட்டிப் பறந்தவர் மோர்டன் ஃப்ராஸ்ட். 1958ல் பிறந்தவர். இவரைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். 1982 தொடங்கி 1989 வரை எட்டு வருடம் தொடர்ச்சியாக ஆல் இங்கிலாந்து இறுதிப் போட்டிக்கு வந்தவர். அதில் 1982, 1984, 1986, 1987 ஆகிய நாலு வருடம் பட்டம். மீதி நாலு வருடம் தோல்வி. 1988ல் அவரைத் தோற்கடித்தவர் வேறு தேசத்து ஆள்கூட இல்லை, இப் ஃப்ரெடெரிக்சன் என்கிற சொந்த நாட்டுக்காரர். உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு முறை இறுதிக்கு வந்தார். 1985ல் கால்கரியில் சீனாவின் ஹான் ஜியானிடமும், 1987ல் பெய்ஜிங்கில் யாங் யாங்கிடமும் தோற்றார். உலக சாம்பியன் பட்டம் கடைசிவரை அவர் கைக்கு வரவே இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கணக்குப்படி பார்த்தால் ஃப்ராஸ்ட் ஆறு பெரிய ஃபைனல்களில் தோற்றவர். "இனி எதுக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்டில் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆட்டத்தை விட்ட பிறகு அவரே டென்மார்க் தேசிய அணிக்குப் பயிற்சியாளர் ஆனார், பிறகு மலேசியாவிலும் பணியாற்றினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் பால்-எரிக் ஹோயர் லார்சன் தங்கம் வாங்கினார். 1999ல் பீட்டர் கேட் ஆல் இங்கிலாந்து வென்றார். 2016ல் தாமஸ் கோப்பை, அதுவரை ஆசிய நாடுகளை விட்டு வெளியே போகாத கோப்பை. பிறகு விக்டர் ஆக்சல்சன், டோக்கியோவிலும் பாரிஸிலும் அடுத்தடுத்து ஒலிம்பிக் தங்கம். நாற்பது வருடமாக ஒருவர் போனால் ஒருவர் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

இது எப்படி என்று கேட்டால், பதில் மிகச் சாதாரணமானது. அங்கே ஊருக்கு ஊர் கிளப் உண்டு. கிளப் என்றதும் நம்மூரில் சீட்டாடுகிற இடம் ஞாபகத்துக்கு வரும், அது வேண்டாம். உறுப்பினர்கள் சந்தா கட்டிச் சேர்ந்து நடத்துகிற சங்கம் அது. நகராட்சி உள்ளரங்கத்தைக் கொடுக்கும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பள்ளியின் கூடமும் சாயங்காலம் சங்கத்துக்குத் திறந்திருக்கும். குளிர்காலத்தில் மூன்றரை நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊர், வெளியில் ஆட முடியாது. அதனால் வேலை விட்டு வந்தவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், என் வயதுக் கிழவர்களும் ஒரே கூரையின் கீழ் ஆடுகிறார்கள். பெரியவர்களில் பலர் சம்பளம் வாங்காமல் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் சும்மா ஆடுகிறவர்கள் இருந்தால் அதில் ஒரு ஃப்ராஸ்ட் முளைக்கிறார். அவரோடு தினமும் மோத இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

பிரகாஷ் இதைக் கண்ணால் பார்த்தவர். திரும்பி வந்து 1994ல் பெங்களூரில் விமல் குமார் முதலியவர்களோடு சேர்ந்து அகாடமி ஆரம்பித்தார். அங்கே பழகிய கோபிசந்த் 2001ல் ஆல் இங்கிலாந்து வென்றார். அங்கே வளர்ந்த லக்ஷ்யா சென்னும் இருந்த இந்திய அணி 2022ல் பாங்காக்கில் தாமஸ் கோப்பையை வாங்கியது. அந்தப் போட்டியின் அரையிறுதியில் நாம் தோற்கடித்தது யாரை? டென்மார்க்கை, 3-2 கணக்கில். அன்றைக்கு டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். கிட்டங்கியில் பேப்பர் ஒட்டிய மற்ற மூன்று பேரும் இப்போது இல்லை.

இனி என் வீட்டுக் கதை. என் மனைவி ஏன் அப்படிக் கேட்டாள் என்பதற்கு வருகிறேன்.

என் மகன் நன்றாக ஆடுவான். பெரிய ஆட்டக்காரன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆடும்போது அவன் முகமே வேறாக இருக்கும். 1997ல் பத்தாம் வகுப்பு வந்ததும் மட்டையை வாங்கிப் பரணில் போட்டேன். "பரீட்சை முடியட்டும்" என்றேன். பத்து முடிந்தது, ப்ளஸ் டூ வந்தது. ப்ளஸ் டூ முடிந்தது, இன்ஜினியரிங் வந்தது. மட்டை பரணிலேயே இருந்தது. ஒரு நாள் வெள்ளையடிக்க இறக்கியபோது பார்த்தால், நரம்பெல்லாம் அற்று, பிடியை எலி கடித்திருந்தது. அவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பழைய பேப்பர்க்காரரிடம் போடச் சொல்லிவிட்டான். கோபப்படவில்லை.

இப்போது பெங்களூரில் இருக்கிறான். நாற்பதைத் தாண்டிவிட்டான். சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் சொன்னதால் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து வாரம் மூன்று நாள் ஷட்டில் ஆடுகிறான். போன வருடம் அங்கே போயிருந்தபோது கூட்டிக்கொண்டு போனான். ஆட்டம் முடிந்து வியர்வை துடைத்துக்கொண்டு வந்தவனிடம், "அன்னைக்கு நான் விட்டிருந்தா நீ பெரிய ஆளா வந்திருப்பியோ என்னவோ" என்றேன். மனசில் பல வருடமாகக் கிடந்த வார்த்தை அது.

சிரித்தான். "இல்லப்பா. பெரிய ஆளா எல்லாம் வந்திருக்க மாட்டேன். நான் சாம்பியன் ஆகணும்னு உங்ககிட்ட கேட்கவே இல்லையே. விளையாடணும்னுதான் கேட்டேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

நம் வீடுகளில் பிள்ளை மட்டையை எடுத்தால் கேட்கிற முதல் கேள்வி, "இதுல எத்தனை பேர் பிரகாஷ் படுகோன் ஆக முடியும்?" நானும் கேட்டவன்தான். கேட்கிறவர் தப்பான ஆள் இல்லை. ஏலக்காய் விலை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று மாறுகிற ஊரில், பிள்ளைக்காவது நிலையான சம்பளம் வேண்டும் என்று நினைப்பது நியாயம். ஆனால் பாட்டுக் கற்றுக்கொள்கிற பெண்ணிடம் "நீ எம்.எஸ். ஆவியா?" என்று கேட்டுவிட்டா சேர்க்கிறோம்? கோலம் போடுகிறவளிடம் என்ன பரிசு கிடைக்கும் என்று கேட்கிறோமா? விளையாட்டுக்கு மட்டும் பதக்கக் கணக்குக் கேட்கிறோம். டென்மார்க்கில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கதவைத் திறந்து வைத்தார்கள். பதக்கம் பின்னால் வந்தது.

பெண் பிள்ளை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் பேட்மிண்டனில் வெள்ளி வாங்கினார். மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலம். மூன்று பேரும் நம் தமிழ்நாட்டுப் பெண்கள். உடம்பில் குறையோடு பிறந்த பெண்களைப் பெற்றவர்கள், ராத்திரி எட்டு மணிக்குப் பெண் எப்படி வீடு திரும்புவாள் என்று கவலைப்படாமலா இருந்திருப்பார்கள்? கவலைப்பட்டுக்கொண்டேதான் அனுப்பியிருப்பார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். போடியில் எழுபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் இருக்கிறோம். தேனி சாலைப் பக்கம் தனியார் உள்ளரங்கம் வந்திருக்கிறது, வசதி உள்ளவர்கள் போகிறார்கள். மற்றவர்களுக்கு? ஒரு பெரிய கூடம் உள்ள பள்ளியில், சாயங்காலம் பிள்ளைகள் ஆட அனுமதிக்க முடியுமா என்று ஒருமுறை கேட்கப் போனேன். பெயர் வேண்டாம். "பொறுப்பு யார் சார் ஏத்துக்கறது?" என்றார்கள். ஐந்து மணிக்குப் பூட்டினால் மறுநாள் காலை வரை அந்தக் கூடத்தில் புறாதான் ஆடுகிறது.

பள்ளி வேண்டாம், கல்யாண மண்டபத்தைப் பாருங்கள். ஆடி மாதம் நம்மூரில் காற்று தூக்கி அடிக்கும், வெளியில் ஷட்டில் ஆடவே முடியாது. அதே ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். மார்கழியும் அப்படியே. இரண்டுக்கும் இப்படிப் பொருத்தம் அமைந்த ஊர் வேறு இருக்குமா தெரியவில்லை. ஒரு இரட்டையர் ஆடுகளத்துக்கு வேண்டியது 44 அடி நீளம், 20 அடி அகலம், சுற்றி நகரக் கொஞ்சம் இடம். நம் மண்டபங்கள் பலவற்றில் இது அடங்கும். கூரை போட்டி நடத்துகிற உயரம் இருக்காது. பரவாயில்லை, நாங்கள் கிட்டங்கியில் ஆடவில்லையா? டைல்ஸ் தரை வழுக்கும் என்பது உண்மை, அதற்கு விரிப்பு வேண்டும். கரண்ட் பில் வரும். இறகுப்பந்து விலை ஜாஸ்தி, பிள்ளைகளுக்கு நைலான் பந்து போதும். ஓய்வு பெற்றவர்கள் இருபது பேர் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் இதெல்லாம் சமாளிக்கக்கூடிய செலவுதான். கணக்கை நான் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருடம் அதைத்தானே செய்தேன்.

இவ்வளவும் யோசித்துவிட்டு, வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து பிடிக்குப் புதுத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க தாத்தா" என்றாள், முகத்தில் சிரிப்பில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது போல.

அவள் அப்பாவிடம், "என்னால சொல்ல முடியாதுங்க" என்றேன். என் மகன் கதையைச் சொன்னேன். ஃப்ராஸ்ட் கதையையும் சொன்னேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். அவர் மனசு மாறியதா என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எல்லாம் சரி சார். ப்ராக்டிஸ் முடிய எட்டு மணி ஆகுது. நான் பாதி நாள் புத்தடியில இருக்கேன். யாரு போய்க் கூட்டிட்டு வர்றது?"

பதக்கம், பரீட்சை என்று அவர் பேசியதற்குள் இந்தக் கேள்விதான் இருந்திருக்கிறது. இருபத்தெட்டு வருடம் முன்னால் என்னிடமும் இப்படி ஏதாவது ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"நான் போறேன்" என்றேன். நினைத்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். ஏழே முக்காலுக்கு என் பழைய டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய், உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆட்டம் பார்த்துவிட்டுக் கூட்டி வருகிறேன். பேக்ஹாண்ட் பலவீனம். ஆனால் கால் நன்றாகப் போகிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது ஒரு மண்டபத்தின், ஒரு கிட்டங்கியின் சாவி இருந்தால், ஆடி பிறக்கும் முன் எனக்குச் சொல்லுங்கள். வலை என்னிடம் இருக்கிறது.